கரிசல் வழக்குகள் – 14: ஐயர் இல்லாத கல்யாணம்

போன வாரம் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் நிறுத்தியிருந்தேன். 2018 அக்டோபர் 31-ல் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் அங்கே கல்யாணம். பதிவாளர் பதிய மறுத்தார். திருநங்கையும் சட்டப்படி மணமகள்தான், பதிந்து கொடுங்கள் என்று 2019 ஏப்ரல் 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்.

இந்த வாரம் ஒரே பாலினத் திருமணம் பற்றிய 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைப் படிக்கப் போன இடத்தில் 7-ஏ குறுக்கே வந்துவிட்டது.

இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு தமிழ்நாடு தனக்கென்று சேர்த்துக்கொண்டது. உறவுக்காரர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் 'நீ என் மனைவி, நீ என் கணவன்' என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலே கல்யாணம். எந்த விரலில் போட்டாலும் அந்த மோதிரம் செல்லும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்! சட்டம் எழுதியவருக்கு எத்தனை கல்யாண வீட்டுச் சண்டைகளைப் பார்த்த அனுபவமோ.

இதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது. 1928 மே 28-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். கோவில்பட்டிக்கு வடக்கே, இதே பருத்தி, இதே கம்பு விளைகிற கரிசல். அதன்பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. ஒன்றுக்கும் சட்டத்தின் ஒப்புதல் கிடையாது. 1953-ல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பச்சையாகவே சொல்லிவிட்டது: ஹோமம் இல்லை, ஏழடி நடக்கவில்லை, நாலு பேர் கூடி நினைத்தபடி புது வழக்கத்தை உண்டாக்க முடியாது, ஆகவே இது திருமணமே ஆகாது. எத்தனை பெண்கள் அன்று சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எட்டயபுரம் பக்கம் எனக்கொரு பெரியத்தை இருந்தார். 1950-களில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவர். வரப்புத் தகராறு முற்றினால் எதிராளி கடைசியாக எடுக்கிற ஆயுதம், 'நீ ஐயர் வச்சுக் கட்டுனவளா?' என்பதுதான். அத்தை அசரமாட்டார். 'ஊரே பாத்துச்சுல்ல, பெறகென்ன?' என்பார்.

1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக இந்தத் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதிலுள்ள இன்னொரு வரி: இதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், அவை நடந்த நாளிலிருந்தே செல்லும். சட்டம் நாற்பது வருஷம் பின்னால் நடந்துபோய் சுக்கிலநத்தம் பந்தலில் அட்சதை போட்டிருக்கிறது. அத்தைக்கு இந்தச் சேதியைச் சொன்னபோது, 'இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்' என்று பருத்தி எடுக்கப் போய்விட்டாராம்.

ஒரே பாலினத் திருமணமும் இதே கதைதானே என்று நான் சொன்னதைக் கேட்ட வழக்கறிஞர் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். 'ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. அங்கே சடங்குதான் மாறுச்சு. ஆணும் பொண்ணும் மாறலையே?' நியாயமான கேள்வி. 7-ஏ கூட 'எந்த இரு இந்துக்களுக்கும்' என்று தாராளமாக ஆரம்பித்துவிட்டு, கணவன், மனைவி என்று வந்துதான் முடிகிறது. தூத்துக்குடி வழக்கிலும் நீதிமன்றம் ஒரு மணமகனையும் ஒரு மணமகளையும்தான் பார்த்தது. ஆனால் 1953-ன் நீதிபதிகளுக்குச் சடங்கு சின்ன விஷயமாகத் தெரியவில்லையே! அதை எடுத்துவிட்டால் கல்யாணமே இல்லை என்பதுதான் அவர்கள் கட்சி. எடுத்தோம்; கல்யாணம் இருக்கிறது. இன்று எடுக்கவே முடியாது என்கிற பகுதி வேறு, அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் அதுதான்: கணவன், மனைவி, பிள்ளைகள் என்பதே இந்தியக் குடும்பம். ஏப்ரலில், மனுதாரர்கள் கேட்பது நகரத்து மேட்டுக்குடிப் பார்வை என்றும் சொன்னார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்பில் அதை மறுத்தார். எனக்கோ, பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்கள் ஞாபகம் வந்தது. 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த வழக்கு அது. தாமே ஆலோசனை பெற்றுப் புரிந்துகொண்ட பிறகுதான் அவர் உத்தரவு எழுதினார். எந்த மேட்டிலிருந்து அந்தப் பெண்கள் இறங்கி வந்தார்களாம்?

குடும்பம் என்ன ஆகும், சொத்து யாருக்கு, கொள்ளி வைப்பது யார் என்று கேட்பவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிப் பிழைத்த ஊரில் கல்யாணம் என்பது பாதி, பத்திரம். ஆனால் சொத்தும் கொள்ளியும் யாருக்கு என்று தெளிவாக்கத்தானே ஒரே பாலின இணையர்களும் பதிவு கேட்கிறார்கள்?

2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றுவது எங்கள் வேலை இல்லை என்றார்கள். எல்லோரும் உடனே நாடாளுமன்றத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனால் திருமணம், மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1967-ல் நாம் டெல்லிக்காகக் காத்திருக்கவில்லை. சென்னையில் மசோதா போட்டு ஒப்புதலுக்கு அனுப்பினோம். அன்று அதைக் கேட்க ஒரு கட்சி இருந்தது, பின்னால் ஓட்டும் இருந்தது. இன்று கோவில்பட்டியில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதை யார் கேட்பது?

ஐவரும் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்த இடத்தை எழுத இந்த வாரமும் இடமில்லை. அடுத்த இதழில் அதோடு, தூத்துக்குடித் தீர்ப்பு எழுதிய அதே சுவாமிநாதன், 2025 மே மாதம் நீதிபதி லட்சுமிநாராயணனோடு அமர்ந்து, கல்யாணம் இல்லாமலும் குடும்பம் உண்டு என்று சொன்ன கதையும்.