குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலின் புரதம் போதுமா?

மாணவர்களே, பிறந்து ஆறு மாதம் பூர்த்தியாகும் வரை தாய்ப்பால் மாத்திரமே போதுமானது எனக் கற்றிருக்கிறீர்கள். நிறைமாதக் குழந்தைக்கு அது சரியான விடை. வினாவில் "குறைமாதக் குழந்தை" என்று வந்தால் சற்று நிதானித்து எழுதுங்கள்.

குறைமாதக் குழந்தை என்றால் என்ன?
கர்ப்பகாலத்தின் 37 வாரங்கள் பூர்த்தியாகுமுன் பிறக்கும் குழந்தையாகும். கடைசி மூன்று மாதங்களில் சிசு மிக விரைவாக வளரும். அதற்கான அமினோ அமிலங்கள் சூல்வித்தகத்தினூடாகக் கிடைக்கின்றன. முந்திப் பிறந்தால் இவ்வழங்கல் நின்றுவிடும். எனவே மிகச் சிறிய குழந்தைக்கு நாளொன்றுக்கு, உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 3.5 - 4 கிராம் புரதம் தேவைப்படுகிறது.

கணித்துப் பார்ப்போம்
1 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 160 மி.லீ. பால் பெறுவதாகக் கொள்க.
• முதிர்ந்த தாய்ப்பாலில் 100 மி.லீ.க்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் உண்டு. கிடைப்பது 1.6 கிராம்.
• குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதற் சில வாரங்களில் புரதம் அதிகம். 1.5 கிராம் எனக் கொண்டாலும் கிடைப்பது 2.4 கிராம்.
இரண்டுமே தேவையை எட்டவில்லை.

தவறான முடிவு
"ஆகவே பால்மாவே சிறந்தது" என எழுதினால் விடை பிழை. தாய்ப்பாலின் புரதம் இலகுவில் சமிபாடடையும். அதிலுள்ள பிறபொருளெதிரிகள் தொற்றைத் தடுக்கும். குறைமாதக் குழந்தைகளின் குடலைச் சிதைக்கும் கொடிய அழற்சி நோய், தாய்ப்பால் பெறுவோரிடம் குறைவு. பசுப்பாலிலோ புரதம் மும்மடங்கு. முதிர்ச்சியடையாத சிறுநீரகங்களுக்கு அது பெருஞ்சுமை.

சரியான முடிவு
தாய்ப்பாலை மாற்றக் கூடாது; தேவையெனில் வலுவூட்ட வேண்டும். 32 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 1.5 கிலோகிராமிலும் குறைந்த குழந்தைகளுக்கு, புரதமும் கனியுப்புக்களும் அடங்கிய வலுவூட்டியைத் தாய்ப்பாலுடன் சேர்ப்பது பற்றி ஆலோசிக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் பரிந்துரைத்தது. இது வைத்தியரின் தீர்மானம். வீட்டில் தாமாகச் செய்வதன்று. உறிஞ்சி விழுங்க இயலாத குழந்தைக்குக் கறந்தெடுத்த பால் குழாய் மூலம் ஊட்டப்படும்.

நினைவிற் கொள்க: அளவில் குறை உண்டு; தரத்தில் நிகரில்லை. குறையை நிரப்புக, பாலை நிறுத்தற்க. விடையில் இவ்விரண்டையும் எழுதுங்கள். நாளை உங்கள் வீட்டிலும் இவ்வறிவு ஓர் உயிருக்கு உதவலாம்.