தோள்மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய உடற்பயிற்சி

தோள்மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய உடற்பயிற்சி என்பது, செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட தோளின் அசைவையும் வலிமையையும் படிப்படியாக மீட்கும் பயிற்சிமுறை ஆகும். மூட்டுத் தேய்வு, முடக்குவாதம், மேற்கை எலும்பின் தலைப்பகுதி முறிவு போன்றவற்றுக்காக இந்த அறுவை செய்யப்படுகிறது.

கட்டுப்பாடுகளின் காரணம்

வழக்கமான அறுவையில் மூட்டை அடைவதற்காக, தோளின் முன்புறமுள்ள சப்ஸ்காபுலாரிஸ் தசையின் நாண் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டு, இறுதியில் மீண்டும் தைக்கப்படுகிறது. கையை உட்புறமாகத் திருப்புவது இத்தசையே. ஆகவே கையை வெளிப்புறமாக அதிகம் திருப்பினாலோ, தரையிலோ நாற்காலியிலோ கையூன்றி எழுந்தாலோ தையல் பிரியக்கூடும். நாண் ஆறுவதற்கு முன்பே வலி குறைந்துவிடுவது உண்டு. எனவே வலி இல்லை என்பதை மட்டும் வைத்துப் பயிற்சியைக் கூட்டக் கூடாது.

படிநிலைகள்

கால அளவை அறுவை மருத்துவரே முடிவு செய்வார். பொதுவான வரிசை வருமாறு:

முதல் 4 முதல் 6 வாரங்கள்: கை, தாங்குபட்டையில் இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். மருத்துவர் அனுமதித்தால், முன்குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஆட்டும் ஊசல் பயிற்சியைச் செய்யலாம். மல்லாந்து படுக்கும்போது முழங்கைக்கு அடியில் மடித்த துண்டை வைக்க வேண்டும். முழங்கை கண்ணில் படும்படி இருந்தால், கை பின்னுக்குச் சரியவில்லை என்று அறியலாம்.

ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள்: முதலில் மறுகையின் உதவியுடனும், பின்னர் தானாகவும் கையை உயர்த்தும் பயிற்சிகள்.

ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பின்: மீள்பட்டை கொண்டு தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள்.

தலைகீழ் தோள்மூட்டு

பிரெஞ்சு மருத்துவர் பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய வடிவமைப்பே இன்றைய தலைகீழ் மூட்டுக்கு அடிப்படை. இதில் பந்து தோள்பட்டை எலும்பிலும் கிண்ணம் மேற்கை எலும்பிலும் பொருத்தப்படுகின்றன. கையை உயர்த்தும் வேலையைப் பெரும்பாலும் டெல்டா தசையே செய்கிறது. தொடக்க மாதங்களில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுசென்றால் மூட்டு நழுவக்கூடும். சட்டையின் பின்பகுதியைச் செருகுவது, பின்பையில் கைவிடுவது போன்ற அன்றாடச் செயல்களிலும் இந்த இடர் உண்டு.

எச்சரிக்கை அறிகுறிகள்

பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் இலேசான வலி இருப்பது இயல்பு. ஆனால் திடீரெனக் கடும் வலி, தோளின் வடிவ மாற்றம், கையை உயர்த்த முடியாமை, காயத்தில் சீழ், காய்ச்சல், கை மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.