அச்சுக்கூடத்து மாடியில் ஒரு சிரிப்பு

சுகுமார் ராய் எழுதி, வரைந்து, நோய்ப் படுக்கையில் வடிவமைத்த கவிதைப் புத்தகம். அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கல்கத்தா, 100 கர்ப்பார் சாலை. கீழே யு. ராய் அண்ட் சன்ஸ் அச்சுக்கூடம். அதே கட்டடத்தில் வீடு. 1923 ஆகஸ்ட் கடைசியில் அந்த வீட்டுக்கு ரவீந்திரநாத் தாகூர் வந்தார். படுத்த படுக்கையாக இருந்த இளைய நண்பர் கேட்டுக்கொண்டதற்காக, பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். தாகூருக்கு வயது 62. சுகுமாருக்கு 35.

1921-ல் காலா அசார் காய்ச்சல் சுகுமாரைப் பிடித்தது. அந்த ஆண்டுதான் மகன் சத்யஜித் பிறந்தான். இதே கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்திருந்தார். அது பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்குள் சுகுமாரின் காலம் முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் இருந்தபடியே அவர் ஒரு புத்தகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதுதான் 'ஆபோல் தாபோல்'. பேத்தல், உளறல் என்று சொல்லலாம்.

'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையில் பல ஆண்டுகளாக வந்த கவிதைகள். படங்களும் அவருடையவை. எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அட்டை எப்படி என்பதெல்லாம் அவர் முடிவு செய்தது. இதில் வியப்பில்லை. இயற்பியலும் வேதியியலும் படித்தவர். 1911-ல் இங்கிலாந்து போய் அச்சுத் தொழிலும் புகைப்படத் தொழில்நுட்பமும் கற்றவர். கோடு தாளில் எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கோடுகளில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. 'கிச்சுரி' என்றொரு கவிதை. நம் கிச்சடிதான். வங்காளியில் 'ஹாஷ்' என்றால் வாத்து, 'ஷஜாரு' என்றால் முள்ளம்பன்றி. இரண்டையும் ஒட்டினால் 'ஹாஷ்ஜாரு'. 'ஹாதி' யானை, 'திமி' திமிங்கிலம். சேர்த்தால் 'ஹாதிமி'. பாதி உடம்பு தண்ணீருக்கு இழுக்க, மீதிப் பாதி காட்டுக்கு இழுக்கிறது. காதுக்கு இது சந்தி இலக்கணத்தைக் கேலி செய்யும் வார்த்தை விளையாட்டு. கண்ணுக்கு அப்படி இல்லை. வாத்தின் அலகும் முள்ளம்பன்றியின் முட்களும் ஒரே உடம்பில், விலங்கியல் பாடப் புத்தகத்தில் வருவது போல அமைதியாக நிற்கின்றன. வரைந்தவர் சிரிக்கவே இல்லை. அதனால் நாம் சிரிக்கிறோம்.

இன்னொரு கவிதையில் ஹெட் ஆபீஸ் பெரிய பாபு, தன் மீசை திருடு போய்விட்டதாகக் கூச்சல் போடுகிறார். கண்ணாடியைக் காட்டுகிறார்கள். மீசை இருக்கிறது. இந்த மட்டமான மீசை தன்னுடையதே அல்ல என்று இன்னும் கொதிக்கிறார். 'ஏக்குஷே ஆயின்' கவிதையில் சறுக்கி விழுந்தவனைச் சிப்பாய் பிடித்துப் போகிறான், 21 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் வளர்ந்த வாசகர்களுக்கு இது எந்த ஊர்ச் சட்டம் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

1923 செப்டம்பர் 10-ம் தேதி சுகுமார் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, 19-ம் தேதி, புத்தகம் வெளிவந்தது.

நண்பனின் புத்தகத்தைப் பாராட்டுவது சங்கடமான காரியம். உறவுக்காகச் சொல்கிறார் என்று ஊர் நினைக்கும். அதிலும் சுகுமார், தாகூரின் நண்பரான உபேந்திரகிஷோரின் மகன். வீட்டுப் பிள்ளை மாதிரி. 1940-ல் சுகுமாரின் 'பாக்லா தாஷு' கதைகள் நூலாக வந்தபோது தாகூர் முன்னுரை எழுதினார். வங்க இலக்கியத்தில் இந்த நகைச்சுவைக்கு இணை கிடையாது என்பது அதன் சாரம். நண்பன் மறைந்து 17 ஆண்டுகள் ஆன பிறகு சொன்னதில் முகதாட்சண்யத்துக்கு இடமில்லை. அதற்கு முன்பே, 1937-ல், தாகூரும் 'காப்சாடா' என்ற வேடிக்கைக் கவிதை நூலைத் தன் கைப்படப் படங்களோடு வெளியிட்டிருந்தார். உலகப் புகழ் பெற்ற கவிஞர் 75 வயதில் பேத்தலுக்கு உட்கார்ந்தார் என்றால், அந்த வகை எழுத்தை அவர் எவ்வளவு மதித்திருக்க வேண்டும்!

அச்சுக்கூடம் சில ஆண்டுகளில் கைமாறியது. குடும்பம் கர்ப்பார் வீட்டை விட்டு வெளியேறியது. அப்பாவின் முகம் சரியாக நினைவில் இல்லாத மகன் வளர்ந்து அவருடைய கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1987-ல், நூற்றாண்டையொட்டி, அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

மொழிபெயர்ப்பில் சந்தமும் சிலேடையும் பாதி கரைந்துவிடும். படங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. வங்காளி தெரியாதவர்களும் புத்தகத்தைப் புரட்டலாம். குழந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஹாதிமியைப் பார்த்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, இந்த மிருகம் எங்கே இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். சாகும் நேரத்தில் ஒரு மனிதர் இந்தப் புத்தகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.