அணு உலைக்குக் காவல் யார்?



அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி என்றோர் அணுமின் நிலையம் உண்டு. செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் அறிந்த நீங்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அங்கே பேரழிவு எதுவும் நிகழவில்லை என்பதே காரணம். ஆயினும், ஆபத்து நிறைந்த ஒரு தொழில் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ள இயலுமா என்ற வினாவுக்கு அந்நிலையத்தின் வரலாறு விடை தருகிறது.

1977 செப்டம்பர் 24 அன்று அங்கு ஒரு கோளாறு ஏற்பட்டது. உங்கள் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். ஆவி மிகுந்தால் வெயிட் உயர்ந்து அதனை வெளியேற்றிவிட்டு மீண்டும் அமர்ந்துகொள்கிறது. அணு உலையிலும் மிகை அழுத்தத்தைத் தணிக்க ஒரு வால்வு இருக்கிறது. அன்று திறந்த வால்வு மூடிக்கொள்ளவில்லை. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஊழியர்களோ அளவுமானியைக் கண்டு ஏமாந்து, நீர் மிகுதியாக இருப்பதாக எண்ணி, அவசரகால நீரேற்றத்தை நிறுத்திவிட்டனர். ஏறத்தாழ 20 நிமிடங்களில் உண்மையை உணர்ந்து கசிவை அடைத்தனர். உலை அப்போது 9 சதவீத ஆற்றலில் மட்டுமே இயங்கியதால் சேதம் நேரவில்லை.

உலையை வடிவமைத்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஏனைய நிலையங்களை எச்சரிக்க வேண்டுமெனத் தம் மேலாளர்களுக்கு எழுதினர். அந்த எச்சரிக்கை நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. பதினெட்டு மாதங்கள் சென்றன. 1979 மார்ச் 28 அதிகாலையில், பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில், அதே நிறுவனம் வடிவமைத்த உலையில், அதே வகை வால்வு திறந்தபடியே நின்றது. அங்கும் ஊழியர்கள் அதே தவற்றைச் செய்தனர். ஆனால் இம்முறை உலை ஏறத்தாழ முழு ஆற்றலில் இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக எவரும் வால்வைக் கவனிக்கவில்லை. உலையின் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று. ஒரு கடிதம் உரிய காலத்தில் அனுப்பப்பட்டிருந்தால்!

விபத்தை ஆராய அதிபர் கார்ட்டர் ஒரு குழுவை அமைத்தார். கணித அறிஞர் ஜான் கெமெனி அதன் தலைவர். (பேசிக் என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவர் இவர்தான்.) இயந்திரங்களைக் காட்டிலும் மனிதர்களின் மனப்பான்மையே முதன்மையான குறை என்று அக்குழு கண்டது. அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அணுமின் தொழில் தனக்கெனத் தரங்களை வகுத்துத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

அவ்வாண்டின் இறுதியிலேயே மின் நிறுவனங்கள் ஒன்றுகூடி, அட்லாண்டா நகரில் 'இன்போ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பை நிறுவின. ஒரு நிலையத்தின் வல்லுநர்கள் மற்றொரு நிலையத்திற்குச் சென்று குறைகளைத் துருவிப் பார்ப்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை தரம் இடப்படும். தரம் தாழ்ந்தால் காப்பீட்டுக் கட்டணம் உயரும். ஓரிடத்தில் விபத்து நேர்ந்தால் எல்லா நிலையங்களும் மூடப்படலாம் என்ற அச்சமே அவர்களைப் பிணைத்தது.

இதனை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்குவது நியாயமாகாது. பீச் பாட்டம் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் உறங்கியதற்காக 1987இல் ஆணையம் அந்நிலையத்தை மூடியது. அதன்பின் இன்போவின் தலைவர் கண்டிப்புடன் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, அந்நிறுவனத்தின் தலைமையே மாறியது. செர்னோபில் விபத்திற்குப் பின், 1989இல், இதே முறையில் உலக அணுமின் இயக்குவோர் சங்கமும் தோன்றியது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மின் உலைகளை இயக்கும் இந்திய அணுமின் கழகமும் அதில் உறுப்பினர்.

எனினும் இவ்விரு அமைப்புகளின் ஆய்வறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. சக நிறுவனத்தார் மனம் திறந்து பேச இரகசியம் தேவை என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் தம் உயிரை அமானிதமாக ஒப்படைத்திருக்கும் அண்டை வீட்டார் மட்டும் அதனை அறிய முடியாது.

இனி மீண்டும் டேவிஸ்-பெஸ்ஸிக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில் வேறொரு நிலையத்தில், உலைக்கலனின் மூடியைத் துளைத்துச் செல்லும் குழாய்களில் ஆபத்தான வெடிப்புகள் காணப்பட்டன. அபாயம் மிகுந்த உலைகளை டிசம்பர் 31க்குள் சோதிக்குமாறு ஆணையம் கேட்டது. டேவிஸ்-பெஸ்ஸியின் உரிமையாளரான ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனமோ, எரிபொருள் மாற்றுவதற்காக மார்ச் இறுதியில் உலையை நிறுத்தும் வரை தவணை கோரியது. உலையை மூடும் ஆணையை எழுதியே வைத்திருந்த ஆணையம், அதனைப் பிறப்பிக்காமல், பிப்ரவரி 16 வரை இயங்க இசைந்தது.

2002 மார்ச்சில் மூடியைச் சோதித்தவர்கள் திகைத்துப்போயினர். குழாயின் வெடிப்பு வழியே கசிந்த நீரிலிருந்த போரிக் அமிலம், ஆறு அங்குலத்திற்கும் மேற்பட்ட தடிமனுடைய எஃகை ஊடுருவத் தின்று, அன்னாசிப் பழ அளவுக்குக் குழி பறித்திருந்தது. எஞ்சி நின்றது உட்புறத்திலிருந்த துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டுமே. அதன் தடிமன் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு! உலையின் பேரழுத்தத்தைத் தாங்கி நின்றது அந்த மெல்லிய தகடுதான்.

அறிகுறிகள் இல்லாமலா போயின? துருத் துகள்கள் வடிகட்டிகளை அடைத்ததால், அவற்றை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தனர். மூடியின் மீது செந்நிறப் படிவு வழிவதைக் காட்டும் புகைப்படங்கள் 2000ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டிருந்தன. 1979க்குப் பின் எழுந்த சுயகண்காணிப்பு ஏற்பாடுகள் அத்தனையும் இருந்தும், அந்தத் துரு எதனை உணர்த்துகிறது என்று எவரும் உரக்கக் கேட்கவில்லை.

அரசின் காவலர் மட்டும் விழித்திருந்தாரா? ஆணையத்தின் உள் தணிக்கை அலுவலரே பின்னர் இதனை ஆராய்ந்தார். நிறுவனத்திற்கு ஏற்படும் பணநட்டத்தைக் குறைக்கும் நோக்கம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது என்று வெளிப்படையாகவே எழுதினார். உடைத்துச் சொல்லவேண்டுமானால், இன்போவின் அறிக்கைகளைப் போலன்றி இந்த அறிக்கையை எவரும் படிக்க முடிந்ததால்தான் இன்று இதனை உங்களுக்கு எழுத முடிகிறது. ஆணையம் 2005இல் 54 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. ஆணையத்திற்குத் தவறான தகவல் அளித்த வழக்கில், 2006இல் அந்நிறுவனம் 2 கோடியே 80 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

மிச்சிகனில் கட்டி முடிக்கப்படாமல் கைவிடப்பட்ட நிலையமொன்றிலிருந்து பழைய மூடியை வாங்கிப் பொருத்தி, 2004 மார்ச்சில் உலை மீண்டும் இயக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 2010இல், அந்த மூடியின் குழாய்களிலும் வெடிப்புகள் தோன்றின. இம்முறை சோதனை தள்ளிப்போடப்படவில்லை. எஃகு அரிக்கப்படுவதற்கு முன்பே அவை கண்டறியப்பட்டு, 2011இல் புத்தம் புதிய மூடி பொருத்தப்பட்டது.