பாடலும் ஏடும்

சென்னை மாநகரின் வடபால், டோல்கேட்டைக் கடந்து செல்வோர் திருவொற்றியூரை அடைவர். துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கு வண்டிகளின் இரைச்சல் நிறைந்த அவ்வழி, இசைவாணர் பலர் நடந்த வழியும் ஆகும். திருவையாற்றுத் தியாகராச சுவாமிகள் ஈண்டு எழுந்தருளி, வடிவுடையம்மைமீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவரை இவ்வூர்க்கு அழைத்தவர், அவர்தம் மாணவர் வீணை குப்பையர். குப்பையரின் மைந்தரே திருவொற்றியூர்த் தியாகையர் (1845–1917).

தியாகையர் இசைவாணராய் விளங்கியதோடு அமையவில்லை. வாயால் பாடப்பெறும் இசை காற்றோடு கலந்து மறையும். கற்றவர் மறப்பின் பாடலும் மாயும். ஆதலின் அவர், தந்தையார் பாடல்களையும் தம் பாடல்களையும் சுரக்குறிப்புடன் தொகுத்து, ‘பல்லவி சுவர கற்பவல்லி’ என்னும் நூலாக 1900-இல் வெளியிட்டார். அவர் இயற்றிய சகானா, தர்பார் வருணங்களை இசை பயில்வோர் இன்றும் பாடுகின்றனர்.

பாடலுக்கு ஏடில்லாத குறையைத் தியாகையர் இவ்வாறு நீக்கினார். ஏடிருந்தும் பாடும் முறை மறைந்த குறையும் ஒன்றுண்டு. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் செம்பாலை, அரும்பாலை முதலிய பாலைகளைக் குறிக்கின்றன. இசையறியாப் புலவர்க்கு அவை வெறும் பெயர்கள்; நூலறியாப் பாடகர்க்கோ அப்பெயர்களும் தெரியா.

இவ்விரு கரைகளையும் இணைத்தோருள் ஒருவர் எஸ். இராமநாதன் (1917–1988). அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற இவர், அவைதோறும் பாடினார். சென்னையிலும் மதுரையிலும் அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சிலப்பதிகார இசையை ஆய்ந்து அப்பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றார். 1985-இல் சென்னை மியூசிக் அகாதமி இவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பாடும் பயிற்சி எவ்வாறு உதவும்? ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். செம்பாலை இக்காலத்து அரிகாம்போதி என்பர் ஆய்வாளர். அதன் நான்காம் சுரமாகிய உழையை முதற்சுரமாகக் கொண்டு பாடின் அரும்பாலை பிறக்கும். அஃது இன்றைய சங்கராபரணம். இதனை ஏட்டில் படித்தல் மட்டும் போதாது. பாடியே தெளிதல் வேண்டும். அங்ஙனம் தெளிந்தவரே பிறர்க்கும் தெளிவுறக் கற்பிப்பர்.

மூன்று பணிகளையும் ஒருவரே ஆற்றுதல் எளிதன்று. குரற்பயிற்சிக்கும், மாணவர்க்கும், ஏட்டாராய்ச்சிக்கும் தனித்தனியே நேரம் வேண்டும். ஆயினும் ஒன்றைக் கைவிடின் ஏனைய இரண்டும் மெலியும். ஆதலின், ஒரு வருணத்தைப் பயிலும் மாணவர், அதனை எவ்வாறு பாடுவது என்பதோடு நில்லாமல், இயற்றியவர் யாவர், அது நம்மை வந்தடைந்தது எவ்வாறு என்பனவற்றையும் ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும்.