ஒரே கருப்பை, இரண்டு எடை

எடை குறைவாகப் பிறந்த பிள்ளை பின்னால் படிப்பில் பின்தங்கினால், எடையைக் குறை சொல்வதா, வீட்டு வறுமையைக் குறை சொல்வதா? 2,500 கிராமை எட்டாமல் பிறக்கும் குழந்தைகள் பலரின் அம்மாக்கள் வயிறாரச் சாப்பிடாதவர்கள், நிறைமாதத்திலும் வேலைக்குப் போனவர்கள். இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

பிரித்துப் பார்க்க வழி காட்டியவர்கள் இரட்டையர்கள். அம்மா ஒருத்தி, வீடும் ஒன்று. எடை மட்டும் வேறு. ஒரே உருவ இரட்டையரில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியில்தான் வளர்கிறார்கள். ஒரு சிசுவின் தொப்புள்கொடி அதன் நடுவே ஊன்றியிருக்கலாம். மற்றதன் கொடி விளிம்பில் ஒட்டியிருக்கலாம். விளிம்பில் இருப்பதற்குப் பெரும்பாலும் இரத்தமும் ஊட்டமும் குறைவு. பிறக்கும் முன்பே பங்கு ஏறுமாறாகிவிடுகிறது.

நார்வேயில் 1967 முதல் பிறந்த இரட்டையரின் பதிவேடுகளை சாண்ட்ரா பிளாக், பால் டெவெரோ, ஷெல் சல்வானெஸ் மூவரும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். பிறப்பு எடை 10 சதவீதம் கூடுதலாக இருந்தவர் வளர்ந்தபின் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிக உயரம். வருமானம் சுமார் 1 சதவீதம் கூடுதல். ஆண்களுக்கு ராணுவத் தேர்வில் எடுத்த நுண்ணறிவு மதிப்பெண்ணும் சற்று மேலே. 1 சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டரைக் கிலோ குழந்தைக்கு 10 சதவீதம் என்பது வெறும் 250 கிராம். அது முப்பது வயதுச் சம்பளம் வரை கூடவே வருகிறதே!

அமெரிக்காவின் புளோரிடாவில் பிறந்த இரட்டையரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. எடை கூடியவருக்கும் குறைந்தவருக்கும் மூன்றாம் வகுப்பில் தெரிந்த மதிப்பெண் இடைவெளி எட்டாம் வகுப்பிலும் அப்படியே இருந்தது. நல்ல பள்ளியும் அதை அழிக்கவில்லை. ஆனால் படித்த அம்மாக்களின் எடை குறைந்த பிள்ளைகள், அதிகம் படிக்காத அம்மாக்களின் கொழுகொழு பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள். எடை ஒரு தடம் பதிக்கிறது. குடும்பச் சூழல் பதிக்கும் தடம் அதைவிட ஆழம்.

பிறந்தபின் செய்யக்கூடியதும் உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. மருத்துவர் எட்கர் ரே, சின்னஞ்சிறு சிசுக்களைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். 1990களில் அங்கே நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் இருந்த குழந்தைகளை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் பள்ளிக்குக் குறைவாகவே மட்டம் போட்டிருந்தார்கள், மூர்க்கம் குறைவு, மணிக்கூலி அதிகம். எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே மார்போடு அணைக்கத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது.