வெயில் படாத இடத்துப் புற்றும் நம் டி செல்களும்

2025 கோடையில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட புற ஊதாக் கதிர்க் குறியீட்டில் மூணாறும் பாலக்காடும் ‘மிக அதிகம்’ என்ற நிலையைப் பலமுறை தொட்டன. மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் அந்தக் கதிர் கூடுதலாக இறங்கும். தேவிகுளத்தில் கொழுந்து பறிப்பவர்களையும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் வயலில் நிற்பவர்களையும் நினைத்துத் தோல் புற்றுநோய் பற்றிய பேச்சு எழுந்தது இயல்புதான். இன்னொரு பக்கம், தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியவற்றில் ஒன்றான மெலனோமாவுக்குத் தடுப்பூசி வரப்போகிறது என்ற செய்தியும் சில ஆண்டுகளாக அடிபடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். நம் மக்களுக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் வெயில் படும் இடத்தில் வருவதில்லை.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் புற்று இது. வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு முதுகிலும் காலிலும் முகத்திலும் வெயிலின் சேதத்தால் வருகிறது. இந்தியர்களிடம் மெலனோமாவே அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, வாய், மூக்கு, மலக்குடல் ஆகிய இடங்களில் வருவதுதான் அதிகம். 36 வயதில், 1981-ல் இறந்த பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகைதான். உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளியை முள் குத்தியது, ஆணிக்கால், நகம் நசுங்கி ரத்தம் கட்டியது என்று ஒதுக்கிவிடுவது மிக எளிது. ஏலத்தோட்டத்தில் அட்டைக்கடியோடும் ஈரத்தோடும் நாளைக் கழிக்கிற காலில் ஒரு புள்ளி யார் கண்ணில் படும்?

இனி அந்தத் தடுப்பூசிக்கு வருவோம். அம்மைக்கும் போலியோவுக்கும் போடுவதுபோல நோய் வருமுன் போடுவது அல்ல இது. மெலனோமா வந்து, அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்த பிறகு, அது திரும்பி வராமலிருக்கப் போடுவது. நோயாளியின் கட்டியையும் ரத்தத்தையும் எடுத்து மரபணு வரிசையை ஒப்பிடுவார்கள். கட்டியில் மட்டும் உள்ள பிறழ்வுகளில் எவை நோய் எதிர்ப்புச் செல்களின் பார்வையில் படக்கூடியவை என்று கணினி கொண்டு தேர்ந்தெடுப்பார்கள். மாடர்னா, மெர்க் நிறுவனங்களின் தடுப்பூசியில் இப்படி 34 பிறழ்வுகள் வரை ஒரே எம்ஆர்என்ஏ இழையில் எழுதப்படுகின்றன. ஒருவருக்காகச் செய்த ஊசி இன்னொருவருக்கு உதவாது.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். வீங்கிய நிணநீர்க் கணுதான் அந்த நெறி. கையில் ஊசி போட்டதும் அந்த எம்ஆர்என்ஏவைப் படித்துச் செல்கள் பிறழ்ந்த புரதத் துண்டுகளைச் செய்கின்றன. டென்ட்ரிடிக் செல்கள் அந்தத் துண்டுகளை அக்குளில் உள்ள இதுபோன்ற கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே தம் மேற்பரப்பிலுள்ள எச்எல்ஏ என்ற புரதத்தில் ஏந்தி, கடந்துபோகும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. லட்சக்கணக்கான டி செல்கள் பார்த்துவிட்டுப் போகும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி கொண்ட மிகச் சில மட்டும் நின்று, விழித்து, சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகும். டென்ட்ரிடிக் செல்லை 1973-ல் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டைன்மன், தன் கணையப் புற்றுநோய்க்குத் தன் டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டே தடுப்பூசிகள் செய்து போட்டுப் பார்த்தார். 2011-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட மூன்று நாட்களுக்கு முன் அவர் இறந்திருந்தார்.

உள்ளங்கால் மெலனோமா முதலில் பரவுவதும் பெரும்பாலும் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான். எதிர்ப்புச் செல்கள் பயிற்சி பெறும் இடத்திலேயே புற்று வந்து தங்குகிறது. அதனால் காலில் கரும்புள்ளியோடு அங்கே வலியில்லாத கட்டியும் தென்பட்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது.

விழித்த டி செல்களில் இரண்டு வகை முக்கியம். சிடி8 வகை புற்றுசெல்லை ஒட்டிநின்று துளையிட்டுக் கொல்லும். சிடி4 வகை பெரும்பாலும் மற்றச் செல்களைத் தூண்டி நடத்தும். கொல்லும் வகைதான் அதிகம் எழும் என்று பலர் எதிர்பார்த்திருந்த நேரத்தில், அமெரிக்காவின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் பேட்ரிக் ஆட், கேத்தரின் வூ குழுவினர் 2017-ல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஆறு நோயாளிகளுக்கு அவரவர்க்கேற்பச் செய்த தடுப்பூசிகளில் கொடுத்த 97 பிறழ்வுத் துண்டுகளில் 58-க்கு சிடி4 செல்களும் 15-க்கு மட்டுமே சிடி8 செல்களும் எழுந்தன. ஆனாலும் நால்வருக்கு 25 மாதங்கள் ஆகியும் நோய் திரும்பவில்லை. திரும்பிய இருவருக்கும் பிடி-1 தடுப்பு மருந்து கொடுத்ததும் கட்டிகள் முழுவதும் மறைந்தன. 2021-ல் அதே குழுவினர் எட்டு நோயாளிகளை ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அந்த டி செல்கள் நினைவுச் செல்களாக ரத்தத்தில் நிலைத்திருந்தன. ஊசியில் இல்லாத பிறழ்வுகளுக்கு எதிராகவும் புதிய டி செல்கள் தோன்றியிருந்தன. முதலில் இறந்த புற்றுசெல்கள் சிந்திய புரதங்களிலிருந்து உடல் தானே மேலும் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. இந்தத் துறையின் முடிவுகளில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

பிடி-1 மருந்து எதற்கு? புற்றை நீண்டநாள் எதிர்த்து நிற்கும் டி செல் களைத்துப்போகும். அதன் மேலுள்ள பிடி-1 என்ற தடையைப் புற்றுசெல் அழுத்திப் பிடித்து ஓயவைக்கும். அந்தப் பிடியை விடுவிப்பதுதான் மருந்தின் வேலை. இத்தகைய தடைகளை நீக்கிப் புற்றை எதிர்க்கும் வழியைக் கண்டறிந்ததற்காகவே ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. ஊசி புதிய டி செல்களை எழுப்ப, மருந்து அவற்றைச் சோர விடாமல் காக்கிறது. 157 பேர் பங்கேற்ற மாடர்னா ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 மருந்து மட்டும் பெற்றவர்களில் 62 சதவீதம் பேரும், தடுப்பூசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 சதவீதம் பேரும் 18 மாத அளவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மூன்றாம் கட்ட ஆய்வு 2023-ல் தொடங்கியது.

இதற்கு முன் வந்த மெலனோமா தடுப்பூசிகள் பலவும் தோற்றன. அவற்றில் பல எல்லோருக்கும் பொதுவான நிறச்செல் புரதங்களைக் குறிவைத்தவை. சொந்தப் புரதத்தை வலுவாகத் தாக்கக்கூடிய டி செல்களை உடல் தைமஸ் சுரப்பியிலேயே கழித்துவிடுகிறது. மிச்சமிருப்பவை பலவீனமானவை. 676 பேர் பங்கேற்று 2010-ல் வெளியான ஆய்வில் வேறொரு மருந்தோடு ஜிபி100 என்ற அத்தகைய தடுப்பூசியைச் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் கிட்டவில்லை.

ஆகவே பிறழ்வுதான் இங்கே எல்லாம். நம் பக்கத்துச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமாவில் பிறழ்வுகள் ஏராளம். உள்ளங்கால் மெலனோமாவில் அவை பல மடங்கு குறைவு. குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதே அதில் அதிகம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். டி செல் கண்டுகொள்ள அடையாளம் குறைவு என்றால் ஊசியில் எழுதவும் குறைவுதான். முற்றாக நம்பிக்கை இழக்கவும் தேவையில்லை. மாடர்னா ஆய்வில் பிறழ்வுகள் குறைவாக இருந்தவர்களிடமும் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும். உள்ளங்கால் மெலனோமா உள்ள நம் நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு நடத்தாமல், அந்தச் சதவீதங்களை இங்கே எடுத்துப் பேசுவது நியாயமல்ல.

எச்எல்ஏவும் ஆளுக்கு ஆள், சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவது. ஜிபி100 ஆய்வில் ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ வகை உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். பிறழ்வுகளைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரல்களும் ஐரோப்பிய வழியினரின் தரவுகளையே அதிகம் படித்தவை. தென்தமிழகச் சமூகங்களின் எச்எல்ஏவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர்.எம்.பிச்சப்பன். அந்த அடித்தளத்தின் மேல் இன்று கட்டவேண்டியது நிறைய இருக்கிறது.

விலை வேறு. பிடி-1 மருந்தே எஸ்டேட் கூலிக்கு எட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு நிவோலுமாப் என்ற பிடி-1 மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தது. 2023-ல் வெளிவந்த அந்த முடிவில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்தது. இதுபோன்ற துணிவு மெலனோமாவுக்கும் தேவை.

கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். பீர்மேடு, உடும்பன்சோலைக்காரர்கள் ஒரு பரிசோதனைக்குத் தேனி, இன்னொன்றுக்குக் கோட்டயம் என்று அலைகிறார்கள். சித்தூர்த் தாலுகாவினர் கோவைக்குப் போகிறார்கள். கேரள ரேஷன் கார்டு உள்ளவர்களில் தகுதியுள்ளவர்களுக்குக் காருண்யா திட்டம் உண்டு, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு கிடையாது. இந்த அலைச்சலில் பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்த பிளாக்கும் ஸ்லைடும் ஓர் ஊரில், நோயாளி வேறோர் ஊரில் என்று ஆகிவிடுகிறது. நாளை ஓர் ஆய்வில் சேரவேண்டும் என்றாலும், இன்று மரபணுப் பரிசோதனை செய்யவேண்டும் என்றாலும் கட்டியின் அந்தத் திசுதான் வேண்டும். பயாப்ஸி எடுத்த மருத்துவமனையின் நோயியல் எண்ணை எழுதி வாங்கி வையுங்கள். வேறிடம் மாறும்போது பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.